ஊருக்கு ஒரு குலாக்

புதிரைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மொராவியாவில் ஒரு செக் கிராமம். எல்லோரும் நிலத்தைக் கூட்டுப்பண்ணையில் சேர்க்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டிருந்த காலம். மத்யேய் என்ற விவசாயி மட்டும் முடியாது என்றான். உடனே ஊர்க் கமிட்டித் தலைவன் ஹினெக் அவனுக்குக் 'குலாக்' என்று பெயர் வைத்தான். ருஷ்யாவிலிருந்து வந்த வசவு அது. ஊரைச் சுரண்டும் பணக்கார விவசாயி என்று பொருள். அந்தப் பெயர் விழுந்தால் நிலம், மாடு, வீடு எல்லாம் போகும். குடும்பத்தையே லாரியில் ஏற்றி எங்கோ தூரத்துப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மத்யேய் இறங்கி வந்தான். "சரிப்பா, நானும் சேர்ந்துடுறேன்."

"குலாக்கைச் சேர்த்துக்க விதியில்லை" என்றான் ஹினெக்.

"அப்போ அந்தப் பேரை எடுத்துடு."

"பண்ணையில சேர்ந்தவனுக்குத்தான் எடுக்க முடியும்."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறதா? மத்யேயின் மனைவி லுத்மிலா முட்டிக்கொள்ளவில்லை. "ஊர்லயே அதிக நிலம் இருக்கிறவன்தானே குலாக்? எங்க நிலத்துல பாதி எங்கப்பா கொடுத்தது" என்றாள். வீட்டையாவது காப்பாற்றலாம் என்று கோர்ட்டுக்குப் போய்க் கணவனை விவாகரத்துச் செய்தாள். நிலம் இரண்டாகப் பிரிந்தது. இப்போது ஊரில் யார் பங்கு பெரியது என்று, பண்ணையில் சேர்த்த நிலத்தையும் கணக்கில் வைத்துப் பார்த்தால், ஹினெக்குடையது!

மேலிடமோ ஊருக்கு ஒரு குலாக்காவது வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. ஹினெக் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். "லுத்மிலா, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன், அவனையே மறுபடி கட்டிக்கோம்மா!"

"போய் உன் மூட்டையைக் கட்டு" என்றாள் அவள்.

மறுநாள் காலை லாரி வந்து நின்றது. புத்திசாலிகளே, சொல்லுங்கள்: அந்த ஊரின் குலாக் யார்?

விடை: மத்யேய்தான். நிலத்தை அளந்து பார்த்தா அந்தப் பெயரை வைத்தார்கள்? 'முடியாது' என்று சொன்ன வாய்க்கு வைத்த பெயர் அது. இதை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் அவள் கோர்ட்டு வாசலை மிதித்திருப்பாளா? கோட்டை மாட்டிக்கொண்டு லுத்மிலாவும் அவனோடு லாரியில் ஏறப் போனாள். ஹினெக் கையை நீட்டித் தடுத்தான்.

"குடும்பத்துக்காரங்களுக்குத்தான் இடம். நீ அவனுக்கு யாரு?"