யானைக்குக் கட்டிய தொட்டி

மண்வெட்டும் சன்னாசிக்கு முதலில் துரோகம் செய்தவன் கருவூலத் தலைவன் சம்பந்தமூர்த்தி. சூரசிம்மன் என்றொரு ராசா அந்த நாட்டை ஆண்ட காலம் அது. ராசா நல்லவன்தான், காலையில் சொன்னதை மாலையில் மறப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன் பெரிய ஏரி உடைந்தபோது, சன்னாசி நாற்பது ஆட்களோடு இறங்கிக் கரையை அடைத்தான். கூலி கேட்டதற்கு, "ஏரிக்கு ஒதுக்கியது தீர்ந்துபோச்சு, போடா" என்றான் சம்பந்தமூர்த்தி. அந்த நாட்டு வழக்கம் அப்படி. ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தை இன்னொன்றுக்குத் தொடக்கூடாது. பங்குனிக்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் அந்த ஒதுக்கீடே கிடையாது.

இந்தப் பங்குனியில் கரை மறுபடி கசிந்தது. மேற்கே கோடை மழை கறுத்து நின்றது. கரைக்குக் கீழே நாலு ஊர். சன்னாசிக்கு இருப்புக்கொள்ளவில்லை; கரைக்கும் அரண்மனைக்கும் நடையாய் நடந்தான்.

மாதத்தின் கடைசி நாள், ராசா சபையில் பதறிக்கொண்டிருந்தான். "யானைகளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஆயிரம் பொன் மிச்சம்! சாயங்காலத்துக்குள் யார் செலவழித்துக் காட்டுவீர்கள்?"

"யானைகளுக்கு வெள்ளிக் கொலுசு போடலாம், மகாராசா" என்றான் சம்பந்தமூர்த்தி.

காவலாளியைத் தள்ளிக்கொண்டு சன்னாசி உள்ளே வந்தான். "கொலுசு போட்ட யானை எங்கே குளிக்கும், ராசா? அதுக்கு நான் ஒரு தொட்டி கட்டித் தாரேன்."

"எவ்வளவு பெரிசு?"

"கொஞ்சம் பெரிசு. நின்று பார்த்தால் அக்கரை தெரியாது. தண்ணீர்கூட ரொப்பியாச்சு. ஒரு பக்கச் சுவர்தான் கசியுது."

"மகாராசா, இவன் ஏரியைச் சொல்கிறான்!" என்று கத்தினான் சம்பந்தமூர்த்தி.

"ஏன் ஐயா, உங்க யானை கிணற்றிலா குளிக்குது?"

ராசா விழுந்து விழுந்து சிரித்தான். "கொடு ஆயிரம் பொன்னை! கரை கெட்டியாகும்வரை சம்பந்தமூர்த்தி மண்கூடை சுமக்கட்டும்."

மழை வந்தது. கரை நின்றது. நாலு ஊரும் நனைந்ததோடு சரி.

ராசா சன்னாசிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். சன்னாசி கைகட்டிக் கேட்டான்: "அந்தப் பழைய கூலி, ராசா?"

"அது ஏரிக் கூலியப்பா. அதற்கு இந்த வருஷமும் ஒதுக்கவில்லையே. சால்வைக்குத்தான் ஒதுக்கியிருக்கிறோம்."

தோளில் மண் காயாத சம்பந்தமூர்த்தி, அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

சன்னாசி கரைக்குத் திரும்பினான். "பழைய கூலி வந்துச்சா, அண்ணே?" என்று நாற்பது பேரும் எழுந்தார்கள். அவன் சால்வையை விரித்தான்.

"வந்திருக்கு. எந்தப் பக்கமிருந்து கிழிக்கலாம், சொல்லுங்க."