பாதி விட்டவர்

மேகமலையில் மேகம் ரொம்ப உரிமை எடுத்துக்கொள்ளும். கதவு திறந்திருந்தால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அப்படி மேகம் வந்து போகிற ஓட்டுவீடு ஒன்றில் செங்கமலம் என்ற துறவி இருந்தார். வயது முப்பத்திரண்டுதான். அவருடைய சீடர் சடையாண்டிக்கு ஐம்பது. தேயிலைத் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறவர். சீடர் குருவைத் 'தாயே' என்பார், குரு சீடரை 'அண்ணே' என்பார். கேட்கிறவர்கள் குழம்பினால் குழம்பட்டும், அவர்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை.

அன்று காலை சடையாண்டி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே குருவிடம் வந்தார். வாசலெல்லாம் வெள்ளை வெளேரென்று மேகம். அதற்குள் நின்று, சட்டைப்பையிலிருந்த மின்சிகரெட்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்து விட்டார். மச்சினன் வெளிநாட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தது. பேனா மாதிரி இருக்கும், மாம்பழ வாசம் வரும். எது மேகம், எது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கால் தரையில் படாமல் நிற்பதுபோல் இருந்தது.

"என்ன அண்ணே, மேகத்துல மாம்பழம் பழுத்திருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சடையாண்டி அசடு வழிய உள்ளே போனார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அநியாயம் தாயே! என் தங்கச்சி ஒச்சம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. என்னோடதுதான் பொருந்துது. 'புகையை விட்டுட்டு வா, எடுத்து வைக்கிறோம்'னாங்க. ஒரு நாளைக்கு இருபது சிகரெட் குடிச்சவன், பத்தாக் குறைச்சுட்டேன். மீதிப் பத்துக்குத்தான் இந்தப் பேனா. நேத்து டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு, உடம்புல நிகோடின் விஷம் இம்மிகூடக் குறையலைன்னு திருப்பி அனுப்பிட்டாரு. பாதி விட்டவனுக்குப் பாதியாவது குறையணுமா இல்லையா?"

"டாக்டர்கிட்ட நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"புகை விடுறேன்னு சொன்னேன்."

குரு சிரித்துவிட்டார். "புகை விடுறேன்னா ஊதுறேன்னு அர்த்தம். புகையை விடுறேன்னாத்தான் நிறுத்துறேன்னு அர்த்தம். நடுவுல ஒரு 'ஐ' போட்டிருக்கலாம்ல?"

"விளையாடாதீங்க தாயே. டாக்டருக்கு நான் சொன்னது புரியாமலா இருக்கும்?"

"நல்லாவே புரிஞ்சிருக்கு."

சடையாண்டிக்குக் கண் கலங்கியது. "பஸ்ஸுல வரும்போது ஒரு கனவு. ஒச்சம்மா பாவாடை சட்டையில, சின்னப்பிள்ளையா, மேகத்துக்குள்ள நடந்து போகுது. 'ஏ பிள்ளே, நில்லு'ன்னு கத்துறேன். குரல் வரலை. வாயிலேருந்து புகை புகையா வருது. வர வர அவ மறைஞ்சுக்கிட்டே போறா. வாரத்துக்கு மூணு தடவை அவளை மெஷின்ல படுக்க வைக்கிறாங்க. ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பயமா இருக்கு தாயே."

குரு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சுக்குக் காபி வைக்கலாம்னு அடுப்பு மூட்டினேன். ஈர விறகு, ஒரே புகை. போய் ஏதாவது செய்யுங்க," என்றார்.

சடையாண்டி அடுப்படிக்குப் போனார். நாலு விறகு எரிந்துகொண்டிருந்தது. ரெண்டை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். அப்படியும் நெடி போகவில்லை. மாடத்தில் சாம்பிராணி கண்ணில் பட்டது. ஒரு பிடி அள்ளித் தணலில் போட்டார். குப்பென்று வெண்புகை எழும்பி, வெள்ளிக்கிழமை மாதிரி வீடெல்லாம் மணத்தது.

"இப்ப எப்படி இருக்கு தாயே?" என்றார் பெருமையாக.

குரு அடுப்படிக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார். சடையாண்டியும் உட்கார்ந்தார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. கோயிலுக்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவதுபோல் இருந்தது. சுவர் மறைந்தது, அடுப்பு மறைந்தது, எதிரே குருவின் முகமும் மெல்ல மறைந்தது. அப்புறம் கண் எரிந்தது. தொண்டை கமறியது. இருமல் பிடித்துக்கொண்டது. சடையாண்டி தட்டுத் தடுமாறி எழுந்து கதவைத் திறந்து வெளியே ஓடினார். பின்னாலேயே குருவும் இருமிக்கொண்டு வந்தார்.

"பாதி விறகை எடுத்தீங்கல்ல அண்ணே?"

"எடுத்தேன்."

"வாசமும் போட்டீங்க."

"போட்டேன் தாயே."

"அப்புறம் ஏன் ஓடி வந்தீங்க?"

சடையாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாசலில் மேகம் கலைய ஆரம்பித்திருந்தது. கீழே தேயிலைச் சரிவு பச்சையாகத் தெரிந்தது. சட்டையில் ஒரு பையில் சிகரெட் பெட்டி, இன்னொரு பையில் பேனா. ரெண்டையும் தொட்டுப் பார்த்தார். பெட்டியை எடுத்துக் குருவின் காலடியில் வைத்தார்.

"சிகரெட்டை இன்னையோட விட்டுட்டேன். தங்கச்சி மேல சத்தியம்."

குரு இன்னொரு பையைப் பார்த்தார்.

சடையாண்டியின் கை தானாகப் போய் அந்தப் பையைப் பொத்திக்கொண்டது. "இது மட்டும் இருந்துட்டுப் போகட்டும் தாயே. எல்லாத்தையும் ஒரேயடியா விடுன்னா எப்படி முடியும்? இதையும் விட்டுடுவேன். கொஞ்சம் கொஞ்சமா..."

"கிட்னியையும் தங்கச்சிக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுக்கப் போறீங்களா, அண்ணே?" என்றார் குரு.