கத்துவதற்குத் தடை

ஓடைக்கரைக் காட்டில் ஒரு சிறுத்தை இருந்தது. ஆனாலும் அங்கிருந்த விலங்குகள் நிம்மதியாகத்தான் மேய்ந்தன. அதற்குக் காரணம் ஒரு வழக்கம்.

மரத்தின் மேல் கருமூஞ்சிக் குரங்குகள் இருந்தன. தூரத்தில் புல் அசைந்தாலும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. மரத்தடியில் புள்ளிமான்கள் மேய்ந்தன. காற்றில் சிறுத்தையின் வாடை வந்தால் அவற்றின் மூக்குக்குத் தப்பாது. யார் முதலில் அறிந்தாலும் கத்துவார்கள். குரங்கு கத்தினால் மான் ஓடும். மான் கத்தினால் குரங்கு உச்சிக் கிளைக்குத் தாவும். மயில் கேட்டால் மயிலும் சேர்ந்து கத்தும். சிறுத்தை ஒளிந்து வந்து பாய்கிற பிராணி. காடே தன்னைப் பார்த்துவிட்டது என்று தெரிந்தால், வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிவிடும்.

இந்தக் கத்தலை யார் கண்டுபிடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. மூச்சு விடுவதை யார் கண்டுபிடித்தது என்று யாராவது கேட்பார்களா?

கேட்டான் ஒருவன். அவன் பெயர் தாண்டவன். குரங்குக் கூட்டத்தின் தலைவன்.

ஒரு நாள் காலையில் இலுப்பை மரத்தடியில் எல்லோரையும் கூட்டி அவன் அறிவித்தான். "எல்லாரும் கேட்டுக்கோங்க! சிறுத்தையைப் பார்த்ததும் கத்துறது எங்க தாத்தா கண்டுபிடிச்சது. மன்றத்துல பதிஞ்சாச்சு. அந்தக் கத்தலுக்குக் காப்புரிமை இனிமே எனக்கு. என்னைக் கேக்காம யாரும் கத்தக் கூடாது!"

கூட்டத்தில் வெள்ளச்சி என்ற மான் நின்றிருந்தாள். குட்டி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தாண்டவண்ணே, எங்கம்மாவும் கத்துனாங்களே! பாதி நேரம் நாங்க மோப்பம் பிடிச்சுக் கத்தித்தானே நீங்களே மரம் ஏறுவீங்க?"

"மோப்பம் பிடிச்சது உங்கம்மா. கத்தணும்னு யோசிச்சது எங்க தாத்தா. ரெண்டும் வேற வேற!"

"கத்தாம, மோப்பத்தை மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்னண்ணே செய்ய?"

"மரத்தடியில விழுற இலுப்பைப் பூவுல பாதியைக் கொடு. தாராளமாக் கத்திக்கோ."

இவன் மரத்தின் மேல் உட்கார்ந்து பூவை வயிறு முட்டத் தின்கிறவன். கீழே சிந்துவதிலும் பாதி வேண்டுமாம்! வெட்கம் என்பது அவன் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் கரிச்சான் குருவி. கருகருவென்று இருப்பான், வால் இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு தடவை கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்வான். மான் குரலில் பேசினால் மானே ஏமாறும். மறுநாளே அவன் கிளை கிளையாகத் தாவி விளம்பரம் செய்தான்.

"இலவசம்! இலவசம்! சிறுத்தை வந்தா குரங்கு மாதிரியே நான் கத்துறேன்! பூ வேண்டாம், பழம் வேண்டாம்!"

தாண்டவனுக்கு வயிறு எரிந்தது. நேராக மன்றத்துக்குப் போனான். அங்கே பாறைமேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் ஒரு கிழட்டு உடும்பு. விதி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உயிரே போனாலும் விடமாட்டார். யாருடைய உயிர் என்பதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

தாண்டவனுக்காக ஒரு நரி வாதாடியது. கரிச்சானுக்காக இன்னொரு நரி வாதாடியது. இரண்டும் ஒரே வளையில் பிறந்த அண்ணன் தம்பி. பகலெல்லாம் மன்றத்தில் பல்லைக் காட்டிச் சண்டை போடும். அந்தி சாய்ந்ததும் ஒரே வளையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

உடும்பு நீதிபதி இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு கண்ணை மூடியபடி சொன்னார். "வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடை! வாதி கத்தக் கூடாது. பிரதிவாதி கத்தக் கூடாது. இந்தக் காட்டில் வேறு யாரும் கத்தக் கூடாது."

"ஐயா, சிறுத்தை வந்தா?" என்று பின்னாலிருந்து மயில் கேட்டது.

"சிறுத்தை இந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லை," என்றார் உடும்பு.

அந்த வாரமே சிறுத்தை வந்தது. மயில் பார்த்தது. கத்த வாயைத் திறந்தது. தடை நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டது. வெள்ளச்சியின் பக்கத்துப் புதரில் இருந்த மஞ்சாடி என்ற மானின் குட்டி அன்றைக்குச் சிறுத்தையின் வாயில் போய்விட்டது. மஞ்சாடி ஓடைக்கும் புதருக்கும் அலைந்து அலைந்து கூப்பிட்டாள். பதில் வரவில்லை. அதைப் பார்த்து வெள்ளச்சிக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மான் தாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிறந்த குட்டியைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு, எட்டிப் போய் மேய்வார்கள். தாய் வந்து கூப்பிடும்வரை குட்டி காதைக்கூட அசைக்காது. படுத்த இடத்தைத் தாய் யாரிடமும் சொல்லமாட்டாள். கூடப் பிறந்தவளிடமும் சொல்லமாட்டாள். மேயும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மாட்டாள்.

அன்று மாலை கரிச்சான் வெள்ளச்சியின் முதுகில் வந்து உட்கார்ந்தான்.

"அழாத வெள்ளச்சி. கத்தத்தானே தடை? காதுல சொல்லத் தடை இல்லையே! சிறுத்தை உன் குட்டி பக்கம் போனா, பறந்து வந்து உன் காதுல சொல்லிடுறேன். உனக்கு மட்டும். இலவசமா!"

"நெசமாவா?"

"நெசமா. ஆனா குட்டி எங்க படுத்திருக்குன்னு தெரிஞ்சாத்தானே காவல் காக்க முடியும்?"

வெள்ளச்சி தயங்கினாள். "அதை யார்கிட்டயும் சொல்றது வழக்கமில்லையே..."

"நான் யாரு? யாரோவா? நீ சொல்றது என் வயித்துக்குள்ள பத்திரமா இருக்கும். மன்றம் கேட்டா மட்டும் சொல்லுவேன்."

கடைசி வரியை மட்டும் சில்வண்டின் குரலில் கிறீச்சென்று சொன்னான். அது வெள்ளச்சியின் காதில் ஏறவில்லை. மஞ்சாடியின் அழுகைதான் காதில் இருந்தது. "சரி, சரி," என்று தலையாட்டிவிட்டுச் சொன்னாள். "ஓடை வளையுற இடத்துல, இடி விழுந்த மருதமரத்துக்குப் பின்னால, ஈச்சம்புதருக்குள்ள."

அவள் மட்டுமா சொன்னாள்? காட்டில் இருந்த தாய்கள் எல்லோரும் சொன்னார்கள். பயம் வந்தால் புத்தி எங்கே நிற்கும்?

தாண்டவனுக்கு இது தெரிந்ததும் வழக்கு மறுபடி சூடு பிடித்தது. தாய்கள் எல்லோரையும் சாட்சி சொல்ல வரும்படி மன்றம் அழைத்தது. வெள்ளச்சியும் போனாள். மன்றத்தில் வேட்டை கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. அந்த விதிப்படி கடைசி வரிசையில் சிறுத்தையும் உட்கார்ந்திருந்தது. மிகவும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

தாண்டவனின் நரி எழுந்தது. "கனம் நீதிபதி அவர்களே! காதில் சொல்வதும் கத்தலின் நகல்தான். இவன் எங்கள் வாடிக்கையாளர்களைத் திருடிவிட்டான். எத்தனை பேரை, எப்படி என்று இவன் காட்டவேண்டும்!"

கரிச்சானின் நரி குனிந்து அவன் காதில் சொன்னது. "எல்லாத்தையும் சொல்லிடு. அவங்களா விரும்பி வந்தாங்கன்னு தெரிஞ்சா நாம ஜெயிச்சிருவோம்."

கரிச்சான் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தான்.

முதலில் முயலின் குரல் வந்தது. பிறகு காட்டுப்பன்றியின் குரல். ஒவ்வொரு தாயும் சொன்னதைச் சொன்னபடி, அவளுடைய பயத்தோடும் நடுக்கத்தோடும் சொன்னான். பிறகு வெள்ளச்சி தன் குரலையே கேட்டாள்.

"ஓடை வளையுற இடத்துல, இடி விழுந்த மருதமரத்துக்குப் பின்னால, ஈச்சம்புதருக்குள்ள."

அவள் முன்னால் பாய்ந்து வந்தாள்.

"ஐயா! நிறுத்தச் சொல்லுங்க! சிறுத்தை கேட்டுக்கிட்டு இருக்கு!"

"சாட்சி தன் முறை வரும்போது பேசலாம்," என்றார் உடும்பு. "தொடரட்டும்."

வெள்ளச்சி திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசை காலியாக இருந்தது.

அவள் ஓடினாள். முள் கிழித்தது, நிற்கவில்லை. ஓடை வளைவு வந்தபோது வாடை மூக்கில் அடித்தது. மருதமரத்துக்கு இந்தப் பக்கம் புல்லோடு புல்லாகச் சிறுத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. ஈச்சம்புதருக்கு இரண்டு பாய்ச்சல்தான் மிச்சம். உள்ளே குட்டி அசையாமல் படுத்திருக்கும். அப்படித்தான் அவள் பழக்கியிருந்தாள்.

தடையாவது மண்ணாவது! வெள்ளச்சி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

ஒருவரும் கூடச் சேரவில்லை. சிறுத்தை காதை மட்டும் அசைத்துவிட்டு மேலே ஊர்ந்தது. ஒற்றை மானின் கத்தலுக்கு அது ஏன் பயப்படவேண்டும்?

அப்போது நாவல் மரத்திலிருந்து மயில் கத்தியது. மஞ்சாடியின் குட்டி போன நாளில் வாயை மூடிக்கொண்ட அதே மயில். தொண்டை கிழியக் கத்தியது. அதைக் கேட்டு மஞ்சாடி கத்தினாள். பன்றி உறுமியது. தாண்டவனின் பெண்டாட்டி பிள்ளைகளே கிளையைக் குலுக்கிக் கத்தினார்கள். காடே சிறுத்தையைப் பார்த்தது. அது எரிச்சலோடு எழுந்து, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பசியோடு போய்விட்டது.

வெள்ளச்சி புதருக்குள் நுழைந்து குட்டியை நக்கினாள். நக்கிக்கொண்டே இருந்தாள்.

இதோடு முடிந்ததா? எங்கே! மறுநாள் மன்றம் அவளைக் கூப்பிட்டது. குற்றம், தடையை மீறிக் கத்தியது.

நீதிபதிக்கு முன்னால் தாண்டவன் உட்கார்ந்திருந்தான். மன்றத்துக்கு வந்தால் அவன் மரத்தில் உட்காருவதில்லை. வாதிக்கென்று தரையில் போட்ட கல்லில்தான் உட்கார்வான். அதில் அவனுக்குப் பெருமை. அவன் முதுகுக்குப் பின்னால் நாணல் உயரமாக வளர்ந்திருந்தது.

"யாரைக் கேட்டுக் கத்தினாய்?" என்றார் உடும்பு.

"எம் பிள்ளையைக் காப்பாத்த நான் யாரைக் கேக்கணும்?"

"என் சொத்தைத் திருடிட்டு வாயைப் பாரு!" என்று தாண்டவன் குதித்தான்.

வெள்ளச்சி அவன் பக்கம் திரும்பினாள். "சொத்தா? மஞ்சாடி புள்ளை செத்தப்ப உன் சொத்து எங்க போச்சு? அவ அழுதப்ப மரத்து மேல இருந்து பூ தின்னுக்கிட்டு இருந்தியே!"

"அமைதி!" என்றார் உடும்பு. "இனி எக்காரணம் கொண்டும் கத்தமாட்டேன் என்று உறுதி சொல். போகலாம்."

வெள்ளச்சி வாயைத் திறந்தாள். அப்போது காற்று திரும்பியது. அந்த வாடை வந்தது. நாணலுக்குள்ளிருந்து வந்தது. பசித்த சிறுத்தைக்கு மன்றத்தின் விதி எதற்கு?

தாண்டவனுக்குப் பின்னால் நாணல் லேசாகப் பிளந்தது. அவன் பார்க்கவில்லை. மரத்தின் மேல் இருந்திருந்தால் எப்போதோ பார்த்திருப்பான். அவள் கத்தாமல் நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சட்டப்படியும் அதுதான் சரி. போய்த் தொலையட்டும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றவும் செய்தது.

ஆனால் அவள் கத்தினாள்.

தாண்டவனின் உடம்பு யோசிக்கவில்லை, பழக்கத்தில் தாவியது. அவன் கிளையைப் பிடித்ததும் சிறுத்தையின் நகம் அந்த வெற்றுக் கல்லில் கீறியதும் ஒரே நேரத்தில் நடந்தன. உடும்பு நீதிபதி பாறை இடுக்கில் புகுந்துகொண்டார். நரிகள் இரண்டும் ஒரே திசையில், ஒரே வளைக்கு ஓடின. சுற்றியிருந்த எல்லோரும் கத்தினார்கள். சிறுத்தை மறுபடி வெறும் வயிற்றோடு போனது.

தாண்டவன் கிளையை இறுகக் கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளச்சி அண்ணாந்து பார்த்தாள். இந்தத் தடவை அண்ணே என்று கூப்பிடவில்லை.

"இந்தா தாண்டவா, உன் சொத்து! உனக்கே திருப்பிக் கொடுத்துட்டேன். வெச்சுக்கோ!"

அதற்குப் பிறகு அந்த வழக்குக்கு யாரும் போகவில்லை. சில நாள் கழித்துச் சிறுத்தை வந்தபோது உச்சிக் கிளையிலிருந்து முதலில் கத்தியவன் தாண்டவன்தான். யாரிடமும் பூவும் கேட்கவில்லை.

ஆனால் கரிச்சானிடம் சொன்னதை மட்டும் வெள்ளச்சியால் திரும்ப வாங்க முடியவில்லை. "மறந்துடு" என்று கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அவன் இன்னும் எங்காவது ஒரு கிளையில் உட்கார்ந்து, ஈச்சம்புதருக்குள்ள, ஈச்சம்புதருக்குள்ள என்று அவளுடைய நடுங்கும் குரலிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் குட்டியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை.

நீதி: எல்லோரையும் காக்கும் குரலுக்கு யாரும் சொந்தக்காரராக முடியாது, அதைப் பூட்டி விற்பவனையும், இலவசம் என்று சொல்லி நம் வீட்டு ரகசியத்தைக் கேட்பவனையும் நம்பினால், வழக்கில் யார் வென்றாலும் இழவு நம் வீட்டில்தான்.