நடுவழியில் நின்ற அழுங்கு

ஆலமரத்தில் ஒரு செம்போத்து வாழ்ந்தது. சரிவில் இன்னும் மேலே, இலவமரத்தில் ஒரு மைனா வாழ்ந்தது. மழைக்காலம் வந்துவிட்டால், அந்த மலைக்காட்டு விலங்குகள் எல்லாம் இந்த இரண்டு பறவைகளின் குரலை நம்பித்தான் வெளியே கால் வைக்கும்.

காரணம், மூடுபனி. பட்டப்பகலிலேயே அது இறங்கிவந்து பாதையை மறைத்துவிடும். மூக்கு நுனிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வெளியே போக வேண்டியவர்கள் மரத்தடிக்கு வந்து, போகும் இடத்தைச் சொல்வார்கள். உடனே மேலிருந்து குரல் வரும்.

"நேரே போ! இப்போது வலப்பக்கம் திரும்பு! பள்ளம் வருகிறது, பார்த்து!"

போகிறவர்களும் சும்மா போகக் கூடாது. அவ்வப்போது பதில் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதைக் கேட்டால்தான் ஆள் எங்கே இருக்கிறார் என்பது பறவைக்குத் தெரியும்.

ஒரு பறவையின் குரல் மலை முழுவதும் எட்டுமா? எட்டாது. மரத்துக்கு மரம் உயரத்தில் கேட்கும் குரல், கீழே பாதையில் பனிக்குள் தேய்ந்துவிடும். செம்போத்தின் குரல் தேயும் இடத்தில் மைனாவின் குரல் கேட்கத் தொடங்கும். அந்த இடம் நெருங்கியதும் செம்போத்து, "மைனா, இனி நீ பார்த்துக்கொள்!" என்று கத்தும். "சரி அண்ணே, வரட்டும்!" என்று மைனா ஏற்றுக்கொள்ளும். இப்படித்தான் எத்தனையோ பேர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

செம்போத்துக்குக் கரகரப்பான குரல். பேச்சும் குறைவு. மைனா அப்படி இல்லை. யார் கூப்பிட்டாலும், "சொல்லு, சொல்லு!" என்று ஆசையாகக் கேட்கும். "கொஞ்சம் பொறு" என்று யாரிடமும் சொல்ல அதற்கு மனம் வராது. பாவம், முகம் வாடிப்போய்விடுவார்களே என்று நினைக்கும். அதனால் மைனாவை எல்லோருக்கும் பிடிக்கும்.

ஆனால் எந்தப் பறவையாலும் ஒரே நேரத்தில் நாலைந்து பேரைத்தான் கவனிக்க முடியும். அதற்கு மேல் போனால் யாருக்கு என்ன சொன்னோம் என்பதே குழம்பிவிடும்.

ஒருநாள் ஓடையில் வெள்ளம் பெருகியது. ஓடைக்கரை வளை ஒன்றில் செதிலி என்ற தாய் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் கொண்ட பிராணி அது. அதன் குட்டியின் பெயர் மொட்டு. வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் செதிலி பதறிப்போய்க் குட்டியை வால்மேல் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தது.

கறையான்மேட்டில், பாறைக்கு அடியில், அதற்கு இன்னொரு வளை உண்டு. அங்கே தண்ணீர் ஏறாது. ஆனால் எப்படிப் போவது? அழுங்குக்குக் கண்பார்வை மங்கல். மோப்பம் பிடித்துத்தான் வழி கண்டுபிடிக்கும். அன்று பெய்த மழையோ மண்ணில் இருந்த வாசனையை எல்லாம் கழுவிக்கொண்டு போயிருந்தது.

செதிலி தட்டுத்தடுமாறி ஆலமரத்தடிக்கு வந்தது.

"அண்ணே, வீட்டுக்குள்ளே தண்ணீர் வந்துவிட்டது! கறையான்மேட்டுக்குப் போக வேண்டும். குட்டியும் கூட இருக்கிறது!"

செம்போத்து கீழே எட்டிப் பார்த்தது. பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. "பயப்படாதே அம்மா. உன் செதிலை உலுக்கிக்கொண்டே நட. அந்தச் சத்தம் எனக்குப் போதும்" என்றது.

செதிலி நடந்தது. உடம்பை உலுக்கும்போதெல்லாம் செதில்கள் சலசலத்தன.

"ஊப்! ஊப்! நேரே வா! வேர் ஒன்று குறுக்கே கிடக்கும், தாண்டு!"

சலசல, சலசல.

"அம்மா, அந்த மாமாவுக்கு நம்மைத் தெரிகிறதா?" என்று மொட்டு கேட்டது.

"தெரியாது கண்ணு. கேட்கிறது."

"கேட்டால் போதுமா?"

"இன்றைக்கு அது போதும்" என்றது செதிலி. வாலைக் கொஞ்சம் உயர்த்தி, குட்டி சரியாமல் பார்த்துக்கொண்டது.

பாதை மேலே ஏறி வழுக்குப்பாறையை அடைந்தது. பாசி படிந்த பாறை அது. வலப்பக்கம் மலை. இடப்பக்கம் ஒன்றுமில்லை. கீழே, வெகு ஆழத்தில், ஓடை இரைந்துகொண்டிருந்தது. செம்போத்தின் குரல் தேய்ந்து, மைனாவின் குரல் தொடங்கும் இடமும் அதுதான்.

சலசலப்பு மெலிவதைச் செம்போத்து கவனித்தது. உடனே மேலே பார்த்துக் கத்தியது.

"மைனா! ஒரு தாய் வருகிறாள். குட்டியைச் சுமந்து வருகிறாள். என் குரல் இனி எட்டாது. வாங்கிக்கொள்!"

"இதோ அண்ணே!" என்றது மைனா.

ஆனால் அன்று இலவமரத்தடியில் ஒரே கூட்டம். மயில் ஒன்று புதருக்குள் ஒதுங்கி உட்கார்ந்தபடி, "பனி விலகுகிறதா? நான் ஆடலாமா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் குகையில் ஒரு காட்டுப்பன்றி, அந்தக் குகையில் அதன் தங்கை. இரண்டும் மைனா வழியாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தன. "என்ன கிழங்கு தின்றாள் என்று கேள்!" "சேப்பங்கிழங்காம்!" "நாக்கு அரித்ததா என்று கேள்!" மலையணில் ஒன்று அத்திமரத்தில் கிளைக்குக் கிளை தாவிப் பழம் தேடிக்கொண்டிருந்தது. பழம் எந்தப் பக்கம் என்று மைனாதான் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி ஒன்று மச்சான் வீட்டு நலம் விசாரிக்க வந்து நின்றது.

எல்லோரும் செதிலிக்கு முன்னால் வந்தவர்கள். எல்லோரும் மைனாவுக்கு வேண்டியவர்கள்.

"அண்ணே, வரிசை கொஞ்சம் நீளமாக இருக்கிறது. முன்னால் வந்தவர்களை எப்படி விடுவது? முடித்துவிட்டு அவளைப் பார்க்கிறேனே!" என்றது மைனா.

செம்போத்து பதறிக் கத்தியது.

"என்னை வரிசையில் நிறுத்து, பரவாயில்லை! அவளை நிறுத்தாதே! அவள் நிற்கிற இடம் வழுக்குப்பாறை!"

காற்று அதன் பாதிச் சொற்களை அடித்துக்கொண்டு போனது.

பாறைமேல் செதிலி நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் காதில் இருந்த "ஊப், ஊப்" இப்போது இல்லை. மேலே இருந்தும் தனக்கென்று ஒரு குரலும் வரவில்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. காலடியில் பாசி. கீழே தண்ணீரின் இரைச்சல்.

அழுங்கு பயந்தால் என்ன செய்யும்? குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். சிறுத்தையின் பல்கூட அந்தப் பந்துக்குள் இறங்காது.

"அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. சுருண்டுகொள்ளலாமா?" என்று மொட்டு அழுதது.

செதிலியின் உடம்பும் அதைத்தான் கேட்டது. முதுகு தானாக வளையப் பார்த்தது. அது பல்லில்லாத வாயை இறுக மூடிக்கொண்டு, நகங்களைப் பாறை இடுக்கில் ஊன்றியது.

"வேண்டாம் கண்ணு. இங்கே சுருண்டால் உருண்டுவிடுவோம். நீ என் செதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நான் நிற்கிறேன்."

"குரல் வருமா?"

"வரும்" என்றது செதிலி. வருமா என்பது அதற்கும் தெரியவில்லை.

ஆலமரத்தில் செம்போத்து துடித்துக்கொண்டிருந்தது. செம்போத்து நன்றாகப் பறக்கும் பறவை அல்ல. கீழ்க்கிளையிலேயே தத்தித் தத்தித் திரிவதுதான் அதன் வழக்கம். அன்று அது மேலே ஏறத் தொடங்கியது. கிளை கிளையாக, நனைந்த இறக்கையோடு, இதுவரை போகாத உச்சிக் கொம்புக்குப் போய்விட்டது. காற்று அதைப் பிய்த்து எறியப் பார்த்தது. அங்கே உட்கார்ந்து காதைத் தீட்டியது. மெல்ல, மிக மெல்ல, செதில் உலுங்கும் சத்தம் கேட்டது.

இதற்குள் மைனாவுக்கு மனம் கேட்கவில்லை. பாவம், ஒரு தாய் காத்திருக்கிறாளே! ஆனால் யாரையும் நிறுத்தவும் அதற்கு வாய் வரவில்லை. எல்லோரோடும் சேர்த்து அவளையும் கவனித்துவிடலாம் என்று நினைத்தது.

"வா அம்மா, வா! நான் இருக்கிறேன்!" என்று பனிக்குள் கூவியது.

செதிலிக்கு உயிர் வந்தது. "அக்கா! எந்தப் பக்கம் வர வேண்டும்?"

அதே நேரம் அணில், "எந்தக் கிளை?" என்றது. மயில், "விலகியதா?" என்றது. பன்றி, "அரித்ததா?" என்றது. மைனாவுக்குத் தலை சுற்றியது. அணிலுக்குச் சொல்ல வேண்டியதை அது பாறைப்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டது.

"இடப்பக்கம்! யோசிக்காதே, தாவு!"

செதிலி இடது முன்காலைத் தூக்கியது.

"நில்ல்ல்!"

உச்சிக் கொம்பிலிருந்து செம்போத்து கத்திய கத்தலில் அதன் தொண்டை உடைந்தது. பாதையில் நடப்பவருக்கு ஆலமரத்துக் குரல் வழுக்குப்பாறையைத் தாண்டிக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

செதிலி நின்றது. தூக்கிய காலுக்கு அடியில் மண் இல்லை. காற்றுதான் இருந்தது. ஒரு சிறு கல் உருண்டு போனது. அது விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

அந்தச் சத்தம் மைனாவுக்கும் கேட்டது. தான் சொன்ன சொல் யாருக்குப் போயிற்று என்பது அதற்குப் புரிந்தது.

வாழ்நாளில் முதல் முறையாக மைனா சொன்னது: "எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள்!"

கூட்டம் திடுக்கிட்டது.

"நான் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன்!" என்று சிலிர்த்தது மயில்.

"நீ புதருக்குள் இருக்கிறாய் மயிலே. காத்திருக்கலாம். பன்றியக்கா, நீயும் உன் தங்கையும் குகைக்குள் இருக்கிறீர்கள். காத்திருக்கலாம். அங்கே ஒருத்தி குட்டியைச் சுமந்துகொண்டு பாறை விளிம்பில் நிற்கிறாள்!"

அணில் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டது. "பழம் எங்கேயும் போகாது அக்கா. நீங்கள் அவளைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னது.

காடு அமைதியானது.

"அம்மா, காலைப் பின்னால் வை. நல்லது. இப்போது வலப்பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொள். மலை தட்டுப்படுகிறதா?"

சலசல.

"வலப்பக்கம்தான்! வலப்பக்கம்தான்!" என்று கீழிருந்து உடைந்த குரல் ஒன்றும் சொன்னது. செம்போத்து இன்னும் போகவில்லை. ஒரே வழியை இரண்டு குரல்கள் சொல்ல, செதிலி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

பாசி முடிந்து மண் வந்தது. மைனாவின் குரல் இப்போது கணீரென்று கேட்டது.

"அண்ணே, இவள் என்னிடம் வந்துவிட்டாள்!" என்றது மைனா.

"நன்றாகக் கேட்கிறதா என்று அவளிடமே கேள்."

"கேட்கிறது அண்ணே! நன்றாகக் கேட்கிறது!" என்று செதிலியே பதில் சொன்னது.

அதற்குப் பிறகுதான் செம்போத்து வாயை மூடியது. உச்சிக் கொம்பில் கண்ணையும் மூடிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

கறையான்மேட்டு வளைக்குள் ஈரம் இல்லை. செதிலி உள்ளே போய் மொட்டுவை வயிற்றோடு சேர்த்து, ஆசை தீரச் சுருண்டுகொண்டது. கொஞ்ச நேரத்தில் வளை வாசலில் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. மைனா வந்திருந்தது.

"செதிலி, நான் சொன்ன சொல்லால் நீ விழுந்திருப்பாய். எல்லோருக்கும் நல்லவளாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

உள்ளிருந்து செதிலி தலையை நீட்டியது. "அக்கா, பயத்தில் இருந்தபோது 'நான் இருக்கிறேன்' என்று ஒரு குரல் வந்ததே, அது உங்கள் குரல்தான். நனைந்து போயிருக்கிறீர்கள். உள்ளே வாருங்கள்" என்றது.

மைனா உள்ளே வந்து உட்கார்ந்தது. மொட்டு தூக்கக் கலக்கத்தில் அதன் இறக்கைக்கு அடியில் மூக்கை நுழைத்துக்கொண்டது.

மறுநாளும் பனி இறங்கியது. இலவமரத்தடியில் வழக்கமான கூட்டம். மைனா சிலருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் ஒருவரைக் கவனிக்க அதனால் முடியும். ஆனால் மயில் கூப்பிட்டபோது, "கொஞ்சம் பொறு" என்றது.

"ஏன்? உன்னிடம் ஓர் இடம் காலியாகத்தானே இருக்கிறது!" என்று மயில் கேட்டது.

"அது காலி இல்லை மயிலே. யாராவது வழியில் வந்துகொண்டிருப்பார்கள்" என்றது மைனா.

வீட்டில் இருப்பவர் சற்றுக் காத்திருக்கலாம். நடுவழியில் நிற்பவரின் கையை, இன்னொரு கை பற்றிக்கொள்ளும்வரை விட்டுவிடக் கூடாது.