ஒச்சாயிக்கு ஒரு பாராட்டு விழா

சாமானூர் என்று ஒரு ஊர். அங்கே மனிதர் கிடையாது, சாமான்கள்தான் குடியிருந்தன. உரலும் உலக்கையும் வரி கட்டும்; குடமும் குத்துவிளக்கும் வரிசையில் நின்று ஓட்டுப் போடும். ஊர் என்று ஒன்று இருந்தால் நகராட்சி வேண்டாமா? அதுவும் இருந்தது.

நகராட்சித் தலைவர், சுழல்நாற்காலி. தலைவரே நாற்காலி என்பதால் அந்த ஊரில் நாற்காலிச் சண்டை மட்டும் கிடையாது. யார் பேசினாலும் அந்தப் பக்கம் திரும்பி, "சரியாச் சொன்னீங்க" என்பார். அடுத்தவர் அதற்கு நேர்மாறாகப் பேசினால் அந்தப் பக்கம் திரும்பி அவருக்கும் அதையே சொல்வார். இப்படித் திரும்பித் திரும்பியே எல்லாத் தேர்தலிலும் ஜெயித்த மகராசன் அவர்.

நிதிக்குழுவுக்குப் பொறுப்பு சீப்பார். ஊர்க் கணக்கில் சிக்கெடுப்பது அவர் வேலை என்று சொல்லிக்கொள்வார்கள். மைக் என்றொரு உறுப்பினர். சொந்தமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. தலைவர் இருமினால் அந்த இருமலை ஊருக்கே கேட்கும்படி இருமும். பொன்னாடையம்மா என்றொரு உறுப்பினர். பெரிய இடத்துத் தோள்களில் மட்டுமே உட்கார்ந்து பழக்கப்பட்டவர். மிச்சம் இருந்தது மேசை. எந்தத் தீர்மானம் வந்தாலும் தன்னைத்தானே தட்டிக்கொண்டு நிறைவேற்றும்.

ஊரைப் பெருக்கியது இவர்கள் யாரும் இல்லை. விளக்குமாறுகள். விடிவதற்குள் தெருவில் இறங்கி, பஸ் நிலையம், சந்தை, சாக்கடை ஓரம் எல்லாம் பெருக்கிவிட்டு நகராட்சிச் சுவர் ஓரமாகப் போய்ச் சாய்ந்துகொள்வார்கள். அவர்களுக்கும் நகராட்சிக்கும் ஒரே ஒரு ஒப்பந்தம்: மழைக்காலம் தொடங்கும் முன் எல்லாருக்கும் பழைய கட்டை அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிறு கட்டிவிட வேண்டும். அந்த ஒப்பந்தம் சித்திரையோடு முடிந்துபோனது. புதுசு போட யாருக்கும் நேரம் வரவில்லை.

பஸ் நிலையத்தைப் பெருக்கும் ஒச்சாயியின் பாடுதான் ரொம்ப மோசம். அவள் இடுப்புக் கயிறு நைந்து நூலாகிவிட்டது. ரெண்டு இழுப்பு இழுத்தால் நாலு ஈர்க்கு நழுவும். நின்று, தரையில் குத்தி உள்ளே தள்ளிக்கொண்டு மறுபடி பெருக்குவாள். நல்லதாக ஒரு மழை பெய்தால் அவள் கதை முடிந்தது. அது அவளுக்கும் தெரியும்.

ஆவணி மாதம் ஒருவழியாக நகராட்சிக் குழு கூடியது. பட்ஜெட்டும் தொழிலாளர் ஒப்பந்தமும் பரிசீலனைக்கு வந்தன. ஒச்சாயியும், சந்தையைப் பெருக்கும் வேலம்மாவும் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். விளக்குமாறு நிற்கிற இடம் கதவுக்குப் பின்னால்தான் என்று அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் பட்ஜெட். சீப்பார் வாசித்தார். தலைவரின் சக்கரங்களுக்கு எண்ணெய். மேசை தட்டியது, நிறைவேறியது. மைக்குக்கு வெல்வெட் உறை. தட்டியது, நிறைவேறியது. விழாக்களுக்குப் பந்தல், பேனர், தோரணம், வாண வேடிக்கை. நிறைவேறியது. கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்களுக்கு டீ, போண்டா. இதற்கு மேசை தட்டிய வேகத்தில் போண்டாத் தட்டே துள்ளிக் கீழே விழப் பார்த்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஜோராகப் போய்க்கொண்டிருந்தது கூட்டம்.

"அடுத்தது, விளக்குமாறுங்க ஒப்பந்தம்" என்றார் சீப்பார். மேசை கம்மென்று ஆகிவிட்டது.

"சொல்லும்மா, என்ன வேணும்?" தலைவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஆளுக்கு ஒரு முழம் கயிறுங்கய்யா" என்றாள் ஒச்சாயி. "வேற ஒண்ணும் கேக்கல. கட்டு நஞ்சு போச்சு. மழை வந்துச்சுன்னா நான் குச்சி குச்சியாப் போயிருவேன்."

"சரியாச் சொன்னே."

"எங்க சரியாச் சொன்னா?" என்று சீப்பார் குறுக்கே விழுந்தார். "போன வருஷம் கட்டின கயிறு ஏன் நைஞ்சுது? பெருக்கினதாலதானே? மெதுவாப் பெருக்கியிருந்தா நைஞ்சிருக்குமா?"

தலைவர் அந்தப் பக்கம் திரும்பினார். "சரியாச் சொன்னீங்க."

வேலம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மெதுவாப் பெருக்குனா வேலை பார்க்கலைன்னு வையறீங்க. வேகமாப் பெருக்குனா கயிறு நஞ்சுருச்சுங்கறீங்க. அப்ப நாங்க எப்படித்தாங்க பெருக்குறது? நீங்க ஒரு நாளைக்கு வந்து பெருக்கிக் காட்டுங்களேன்."

"அதுவும் சரிதான்" என்று திரும்பினார் தலைவர்.

"பேனைப் பெருமாள் ஆக்காதீங்கம்மா!" சீப்பாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கட்டு அவுந்தா ஊரே அவுந்துருமா?"

"ஊரே அவுந்துருமா!" என்று மைக் முழங்கியது.

இருவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஆலோசனை நடந்தது. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் தலைவருக்குத் தைரியம் இல்லை. மாசி மாதம் தேர்தல். விளக்குமாறுகளுக்கும் ஓட்டு உண்டு.

சீப்பார்தான் வழி சொன்னார். "கயிறு குடுத்தா எல்லாருக்கும் குடுத்தாகணும் தலைவரே. மரியாதைன்னா ஒருத்திக்குக் குடுத்தாப் போதும். ஒரு பாராட்டு விழா வச்சுருவோம். அந்தக் கிழவியைக் கூப்பிட்டு மேடையேத்தி, பொன்னாடை போர்த்தி, ஒரு பட்டமும் குடுத்துட்டா வாயைத் திறக்க மாட்டா. கயித்துக்கு நிதி இல்ல, விழாவுக்கு இருக்கு."

பொன்னாடையம்மா துள்ளி எழுந்தார். "என்னையா? அவ மேலயா? வெளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சலமான்னு ஊரு சிரிக்காது? வெள்ளிச் செங்கோல் தோள்ல கிடந்தவ நான்!"

"அஞ்சு நிமிஷம்தாம்மா. போட்டோ எடுக்கற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று கெஞ்சினார் தலைவர்.

மேசை தட்டியது. ஒப்பந்தம் மட்டும், மேலும் பரிசீலிக்கப்படும் என்று தள்ளி வைக்கப்பட்டது.

விழாவுக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கச் சுவரோரம் நனைந்த ஒச்சாயிக்குக் காலையில் நிமிரவே முடியவில்லை. கயிறு ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போகாதக்கா" என்றாள் வேலம்மா. "இந்த உடம்போட மேடை ஏறி என்னத்தைக் காணப்போறே? அவங்க போட்டோவுக்கு நீ ஆளா?"

"ரூமுக்குள்ள கேட்டா மறுத்துர்றாங்க. ஊரே பார்க்க மேடையில வச்சுக் கேட்டா எப்படிடி மறுப்பாங்க? எனக்கு மட்டுமா? நம்ம எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டுர்றேன்." பாவம், அவள் இன்னும் அவர்களை நம்பினாள்.

பஸ் நிலையத்து மைதானத்தில் பந்தல். மேடைக்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு பேனர். அதில் தலைவர் இரண்டு கைப்பிடிகளையும் கூப்பியபடி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மூலையில், தேடிப் பார்த்தால் தெரிகிற அளவில் ஒச்சாயியின் படம். காற்றுக்கு அசையாமல் இருக்க அந்தப் பேனரை நாலு மூங்கில்களிலும் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எல்லாம் புதுத் தேங்காய்நார்க் கயிறு. மஞ்சள் நிறம்கூட மாறவில்லை. கூட்டத்தில் நின்ற வேலம்மா அதை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஊரில் உள்ள அத்தனை விளக்குமாறுகளுக்கும் கட்டிவிட்டு மிச்சமும் இருக்கும்.

தலைவர் பேசினார். "ஒச்சாயி அம்மா நம்ம ஊருக்கு நெத்திப்பொட்டு! அவங்க இல்லேன்னா நாம ஏது? இன்னையிலேர்ந்து அவங்க வெறும் விளக்குமாறு இல்ல, துப்புரவுத் திலகம்!"

"துப்புரவுத் திலகம்! திலகம்! திலகம்!" மைக் ஊரெல்லாம் கூவியது. உறுப்பினர்கள் போண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

பொன்னாடையம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒச்சாயி மேல் இறங்கினார். கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் ஒச்சாயிக்கு என்ன ஆனது தெரியுமா? அந்தத் துணி சுற்றி வளைத்துப் பிடித்ததில் நழுவிக்கொண்டிருந்த ஈர்க்கெல்லாம் ஒன்றுசேர்ந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு நேராக நின்றாள். இதுதான் சமயம் என்று மைக் பக்கம் சாய்ந்தாள்.

"அய்யா, எங்க எல்லாருக்கும் அந்தக் கயிறு..."

மைக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூணாவது வரிசைக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. போட்டோப் பெட்டி பளிச்சென்று கண்ணடித்தது.

"ஆச்சு ஆச்சு, போதும்" என்றார் சீப்பார். "ஆடை கசங்குது பாருங்க."

பொன்னாடையம்மா அதற்காகத்தான் காத்திருந்தார். விருட்டென்று உருவிக்கொண்டு இறங்கினார். அந்த இழுப்பில் கடைசி இழையும் அறுந்தது.

ஒச்சாயி சரசரவென்று மேடை முழுக்கக் கொட்டிப்போனாள்.

யாரும் பேசாததால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தலைவர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். சீப்பார் பல்லிடுக்கில் போண்டா மாட்டியிருந்தது. குனிந்து ஒரு ஈர்க்கை எடுத்தார். நிதானமாகப் பல் குத்தினார்.

"நல்ல ஈர்க்கு" என்றார். "வீணாப் போகக் கூடாது பாருங்க."

அப்பாடா, பக்கம் கிடைத்துவிட்டது. தலைவர் திரும்பினார். "சரியாச் சொன்னீங்க."

வேலம்மா மேடை ஏறினாள். சீப்பாருக்கு நேரே போய் நின்றாள்.

"அதைக் குடுங்க."

"எதம்மா?"

"பல்லுல வச்சிருக்கீங்களே, அதை."

"ஒத்தக் குச்சிக்கா இவ்வளவு ஆங்காரம்?"

"குச்சி இல்லய்யா அது. எங்க அக்கா."

சீப்பார் கொடுத்துவிட்டார். அவள் நின்ற நிலையில் கொடுக்காமல் இருக்க முடியாது. மற்ற விளக்குமாறுகளும் ஒவ்வொருவராக மேடை ஏறி, ஒரு ஈர்க்கு விடாமல் பொறுக்க ஆரம்பித்தார்கள். இவர்கள் மேடையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்துத் தலைவர், "சபாஷ், அந்த மூலையிலயும் கொஞ்சம் கிடக்கு பாருங்க" என்று வேறு சொன்னார். என்ன சொல்ல இந்த மகராசனை!

பொறுக்கி முடித்ததும் அவர்கள் இறங்கிப் போகவில்லை. நாலு மூங்கிலிலும் ஏறினார்கள். முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார்கள். பேனரில் கைகூப்பிச் சிரித்த தலைவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"ஏய், ஏய்! கயித்துல கை வைக்காதீங்க!" சீப்பார் அலறினார். "அது விழாவுக்கு வாங்கினது!"

"விழா எங்களுக்குத்தானே எடுத்தீங்க?" மேலேயிருந்து வேலம்மா சொன்னாள். கடைசி முடிச்சையும் உருவினாள்.

பேனர் மொத்தமாகச் சரிந்து மேடையை மூடிக்கொண்டது. அடியில் தலைவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருட்டு. பொன்னாடையம்மா கசங்கிவிட்டேன் கசங்கிவிட்டேன் என்று புலம்பினார். மைக்குக்குத் தொண்டை நன்றாகவே திறந்துகொண்டது. "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று ஊர் எல்லை வரைக்கும் கேட்டது. ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஒருத்தரும் நகரவில்லை.

விளக்குமாறுகள் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஈர்க்குகளை அடுக்கி, தரையில் தட்டிச் சமப்படுத்தி, கயிற்றைச் சுற்றினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். வேலம்மா காலால் மிதித்துக்கொண்டு முடிச்சைப் போட்டாள். அவள் அழுதுகொண்டேதான் போட்டாள்.

ஒச்சாயி மெல்ல அசைந்தாள். நிமிர்ந்தாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி, புதுக் கயிறா இருக்கே! குடுத்துட்டாங்களா?"

"எங்க குடுத்தாங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வேலம்மா. "தலைவர் மூஞ்சியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சுக்கா. மூஞ்சியை எறக்கி விட்டுட்டுக் கயித்தை எடுத்துக்கிட்டோம்."