நாமக்கோழி போட்ட படம்

அல்லிக்குளத்துக் கோரைப்புதரில் செவ்வந்தி என்ற நாமக்கோழி கூடு கட்டி வாழ்ந்தது. அதற்கு நான்கு குஞ்சுகள். குஞ்சுகள் என்றால் அதற்கு உயிர். அவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக் காடு முழுக்கக் காட்டுவதிலும் கொள்ளை ஆசை!

படம் போட்டதும் 'வெண்கொக்கு' என்ற பெயரில் ஒருவர் கைபேசியிலேயே ஓடிவந்து பாராட்டுவார்.

"என்ன அழகு! கண் பட்டுவிடும்! ஆமாம், பின்னால் தெரிவது என்ன?"

"பழைய ஓடம், அக்கா! பாதி மூழ்கிக் கிடக்கிறது."

"பாவம், குஞ்சுகளோடு தனியாகவா இருக்கிறாய்?"

"சாயங்காலம் மட்டும்தான், அக்கா! அவர் அக்கரைக்கு இரை தேடப் போய்விடுவார்."

ஒரு நாள் மதியம் கரையோரம் வெண்கொக்கு ஒன்று நின்றது. செவ்வந்தி ஆசையாய் நீந்திப் போனது.

"அக்கா, தினமும் அன்பாகப் பேசுகிறீர்களே, ரொம்ப நன்றி!"

கொக்கு விழித்தது. "நானா? கைபேசியை நான் தொட்டதே இல்லையம்மா!"

செவ்வந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அது யார்? ஓடத்தைச் சொன்னேனே! தனியாக இருக்கும் நேரத்தையும் சொன்னேனே! ஆனால் அது அழுதுகொண்டு நிற்கவில்லை. விருட்டென்று கூட்டுக்குப் பாய்ந்தது.

"கண்ணுகளா, என் பின்னாலேயே வாருங்கள்! சத்தம் கூடாது!"

நடுக்குளத்தில் ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தது. அதற்குள் குஞ்சுகளோடு ஒளிந்துகொண்டது.

வெயில் சாய்ந்தது. கோரை சலசலத்தது. காட்டுப்பூனை ஒன்று ஓடத்தை அடையாளம் பார்த்து நேராகக் கூட்டின்மேல் பாய்ந்தது. கூடு காலி! பாய்ந்த வேகத்தில் கழுத்தளவு சேற்றில் விழுந்தது.

"ஓகோ, நீதான் என் பெயரில் உலாவுகிற கொக்கா?" என்று கரையிலிருந்து கொக்கு கத்தியது. தவளைகளெல்லாம் சிரித்தன. பூனை தட்டுத்தடுமாறிக் கரையேறி ஓடியே போனது.

செவ்வந்தி பழைய படங்களை அழித்தது. முகம் தெரியாதவர்களை நீக்கியது. நடந்ததைக் குளம் முழுக்கச் சொல்லி எச்சரித்தது.

"இனிமேல் படமே போடமாட்டாயா?" என்று கணவன் கேட்டது.

"ஏன் போடாமல்? நம் சொந்தபந்தத்துக்கு மட்டும் போடுவேன்! வீடு எங்கே, யார் எப்போது இருப்பார் என்பதெல்லாம் நமக்குள் இருக்கட்டும்!"

முகமறியாதவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், வீட்டு விவரத்தை ஊரறியச் சொல்லாதவரே நிம்மதியாக வாழ்வார்.