கீழடுக்கில் ஒரு பல்

“நான் போட்ட கோட்டை ஏன் மேடம் இன்னும் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டார் வேதமூர்த்தி.

எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். வழிகாட்டி ஹெப்சிபா அவரைவிட வயதில் சிறியவர். அதில் மனிதருக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

கோடு என்றால், முப்பது கோடி வருஷத்துக்கும் முந்தைய கார்பானிஃபெரஸ் காலத்தில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது பிறக்கும் எல்லை. அதற்குச் சாட்சி, கோனோடான்ட் என்ற, இன்று பூமியில் இல்லாத கடல்பிராணியின் ஒரு வகைப் பல். மணல் துகள் அளவுதான் இருக்கும். பாறை அடுக்குகளைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே போனால், அது எங்கே முதலில் தலைகாட்டுகிறதோ அங்கே கோடு.

மற்றவர்களுக்கு மேலடுக்கில்தான் கிடைத்தது. வேதமூர்த்திக்குக் கீழடுக்கிலேயே கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“மறுபடி கரைச்சுப் பாருங்க சார்,” என்று புதுச் சல்லடை ஒன்றைக் கொடுத்தார் ஹெப்சிபா.

வேதமூர்த்தி கீழடுக்குக் கல்லை அமிலத்தில் கரைத்து, சலித்து, மிஞ்சிய வண்டலை நுண்ணோக்கியில் துழாவினார். பல் இல்லை.

“கிடைக்கலைன்னா இல்லவே இல்லைன்னு ஆயிடுமா மேடம்?”

“ஆகாது. உங்க பழைய சல்லடையை எடுங்க. விளிம்பு இடுக்கைத் தூரிகையால தட்டுங்க.”

தட்டினார். அதே பல் உதிர்ந்தது, ஒன்றுக்கு மேல். மேலடுக்கைச் சலித்த கையோடு, சல்லடையைக் கழுவாமல் கீழடுக்கையும் அதிலேயே கொட்டியிருக்கிறார்.

வேதமூர்த்திக்குக் காது சுட்டது. அவர் பேச்சை நம்பி, காஷ்மீரில் ருக்ஸானா என்ற மாணவி தான் ஆராயும் மலையிலும் கோட்டைக் கீழே இறக்கியிருந்தாள். அவள் ஆய்வேட்டைக் கொடுக்கப்போகும் நேரம். அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த வயதில் இப்படி மானம் போக வேண்டுமா?

“அந்தப் பொண்ணுக்குப் போன்ல சொல்லிடறேன். சல்லடை சுத்தமா இல்லைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு.”

ஹெப்சிபா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், மனசு கூசுச்சு இல்ல, அது முதல்ல எப்ப?”

“இப்பத்தான். இதுங்க உதிர்ந்ததும்.”

“அதுக்குக் கீழே?”

வேதமூர்த்தி தரையைப் பார்த்தார். “நீங்க மறுபடி கரைக்கச் சொன்னப்ப.”

“அதுக்கும் கீழே?”

அவர் பழைய சல்லடையை மேஜைமேல் வைத்தார்.

“பல் கிடைச்ச அன்னைக்கே. சல்லடையைக் கழுவினோமான்னு தோணிச்சு. தோணினதை அமுக்கிட்டேன்.”

ஹெப்சிபா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“கோட்டை அந்த நாள்லயே போடுங்க.”